மாதம் இருநூறு கிராம்

அரசி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பஸ்ஸில் நின்றுகொண்டோ, அந்தப் பனியில் நடந்துகொண்டோ படிக்காதே. தினமும் வீடியோவில் முகத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா, சளி விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருடம் பால்வாடி டீச்சராக இருந்து, ஊர்ப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் சேர்த்து அதட்டியவள், பெற்ற பெண்ணிடம் பேச நடுங்குகிறாள். எழுத்தில் என்றால் நடுவில் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் நீள நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அடுத்த மாதம் நீ வருகிறாய். உலகத்தில் எந்தெந்த ஊரில் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள், அவர்களுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்று இரண்டு வருடமாக நார்வேயில் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்குக் கடைசியில் நம் திருவொற்றியூரையே எடுத்திருக்கிறாய். நான் வேலை பார்த்த மையத்தின் பழைய எடைப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும், அதிலும் நீ இடுப்பில் தூக்கித் திரிந்த மோனிஷாவின் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாய். "உன் கையெழுத்துலருந்துதாம்மா என் ஆராய்ச்சியே ஆரம்பிக்குது" என்றாய். உங்கள் புரொபசரிடம் என்னைப் பற்றிப் பெருமையடித்திருக்கிறாய் வேறு. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது பொய். என் கையால், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக எழுதிய பொய். நீயாக அதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

அது மட்டும்தான் என்றால் அவமானம், அவ்வளவுதான். உன்னிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். என்னைப் பயமுறுத்தியது நீ போன வாரம் சொன்ன இன்னொரு விஷயம். ஒரு நாட்டில் ஆறு வயதுப் பிள்ளை தனியாகப் பள்ளிக்கு நடந்து போகிறது, இன்னொரு நாட்டில் பத்து வயதில் ஆடு மேய்த்து வீட்டைக் காப்பாற்றுகிறது, அதனால் குழந்தைப் பருவம் எந்த வயதில் முடிகிறது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவே முடியாது என்று வகுப்பில் பேசினீர்களாம். பிறகு உங்கள் டீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டாராம், உனக்கு எப்போது முடிந்தது என்று. "நான் சொன்னேம்மா, ஏழு வயசுல, மோனிஷாவ நான் கீழ போட்ட அன்னிக்குன்னு." பரீட்சையில் சரியான விடை எழுதிவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாய். நான் "ம்" என்றேன். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். மோனிஷாவின் முதுகு வளைந்தது நீ அவளைக் கீழே போட்டதால் இல்லை. அவளுக்கு முதுகெலும்பில் டிபி. நீ விழுந்த அந்த நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அது அவள் உடம்பில் இருந்தது. டாக்டர் என்னிடம் வாயைத் திறந்து சொன்னார். இருபது வருடமாக இது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, போன ஞாயிறுவரை அவளுக்குத் தெரியாது, அவளைப் பெற்ற அஞ்சலைக்குச் சாகும்வரை தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது நான். எப்படி நடந்தது என்று இனிமேல் சொல்கிறேன், இதற்கு மேல் படிக்க உனக்கு மனம் வந்தால்.

மையத்தின் அந்த அறை உனக்கு நினைவிருக்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல், உத்தரத்தில் தொங்கும் தராசு, அதில் பிள்ளையை உட்காரவைக்க ஒரு துணிப் பை. மாதத்துக்கு ஒரு நாள் எடை எடுக்கும் நாள். எடையை அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். பச்சைப் பட்டையில் விழுந்தால் நல்லது, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஆபத்து. மேற்பார்வைக்கு வரும் அம்மாவுக்குச் சிவப்பு பிடிக்காது. ஒரு தடவை என் நோட்டில் ஐந்து சிவப்பைப் பார்த்துவிட்டு, "சத்துமாவு குடுக்கறீங்களா, இல்ல நீங்களே துன்னுட்றீங்களா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நாற்பது பிள்ளைகள், உதவிக்கு இருந்த ஆயா பாதி நாள் வரமாட்டாள், சிவப்பு வைத்தால் விளக்கம் எழுத வேண்டும். பக்கத்து மையத்து டீச்சர்தான் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தாள்: "இதுக்குப் போய் பேஜாராவாத. தராசுல தொங்க வுடாத. போன மாசத்து எடையோட இருநூறு கிராம் ஏத்தி எழுதிட்டுப் போயினே இரு." எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். நீ இப்போது பெரிய பெரிய ஊர்களின் குழந்தைக் கணக்கையெல்லாம் படிக்கிறாய். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் அதன் அடியில் எங்கோ ஒரு அறையில் ஒரு பெண் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு யாரைக் கண்டு பயம் என்று முதலில் விசாரி.

மோனிஷா தராசைக் கண்டாலே ஊரைக் கூட்டுவாள். அழுகிற பிள்ளையைப் பையில் திணித்து, முள் நிற்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அஞ்சலை விடிவதற்கு முன் ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போய்விடுவாள். திரும்ப நாலு மணி ஆகும். அதனால் இரண்டு வயதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு மாதம் இருநூறு கிராம், இருநூறு கிராம் என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு நாள் அஞ்சலை வாசலில் நின்று, "டீச்சர், இந்தப் புள்ள இன்னா துன்னாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. சாயங்காலமானா மேலு சுடுது. இன்னான்னு கொஞ்சம் பாரேன்" என்றாள். நான் பிள்ளையைப் பார்க்கவில்லை அரசி. அட்டையை எடுத்து அவளுக்குக் காட்டினேன். "பாரு, மாசா மாசம் ஏறிக்கினுதானே கீது, நீ ஏன் பயப்படறே" என்றேன். படிக்கத் தெரியாத அந்தப் பெண் பச்சைப் பட்டையில் வரிசையாக ஏறியிருந்த புள்ளிகளைப் பார்த்துச் சந்தோஷமாகப் போனாள். நான் எழுதிய பொய்யை நானே சாட்சிக்குக் கூப்பிட்டேன், நானே நம்பவும் செய்தேன்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு நேராக மையத்துக்கு வருவாய். அஞ்சலை வரும்வரை மோனிஷாவை இடுப்பில் வைத்துக்கொள் என்று உன்னிடம் சொன்னது நான்தான். நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டதாக உனக்கு நினைவிருக்கலாம். இல்லை, என் வேலை குறைய வேண்டும் என்று நான்தான் ஏற்றிவிட்டேன். அன்று தண்ணி லாரி வந்தது. பத்து நாள் வராமலிருந்த லாரி. "அரசி, கொடத்த எடுத்துகினு ஓடு, நம்ம வரிசை போயிடும்" என்று கத்தியதும் நான்தான். ஒரு இடுப்பில் பிள்ளையும் ஒரு கையில் குடமுமாக ஓடினாய். லாரிக்குப் பக்கத்தில் வழிந்த சேற்றில் வழுக்கி விழுந்தாய். உன் முட்டி கிழிந்தது, அவள் நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது, குடம் உருண்டு போனது. மறுநாள் அவள் பிஸ்கட் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஏழு வயதுப் பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையை ஒரு கையால் இடுக்கிக்கொண்டு ஓட முடிந்தது, அவள் அவ்வளவு லேசாக இருந்தாள். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாலைந்து மாதம் கழித்து, குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டு அஞ்சலை ஓடி வந்தாள். "டீச்சர், முதுவுல இன்னாமோ முட்டு மாரி கீது." நானும் கூடவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டர். பழக்க தோஷத்தில் எடை அட்டையை நானே எடுத்து நீட்டினேன். எக்ஸ்ரேயை அவர் பார்த்து முடித்திருந்தார்; அதில் முத்திரை வாங்க அஞ்சலை வெளியே வரிசையில் நின்றிருந்தாள். டாக்டர் அட்டையைப் பார்த்தார், பிள்ளையைத் தூக்கி அங்கிருந்த மெஷினில் வைத்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். "இதுல பன்னெண்டு கிலோ போட்டிருக்கு. இங்க எட்டரை காட்டுது. எப்பம்மா எடை எடுத்தீங்க?" என்றார். தராசு ரிப்பேர் சார் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. முதுகெலும்பில் டிபி என்றார். விழுந்ததால் இருக்குமா என்று கேட்டேன். "விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எடை குறையுதுன்னு ஆறு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா, முதுகு வளையறதுக்குள்ள மருந்து ஆரம்பிச்சிருக்கலாம்" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அஞ்சலை எக்ஸ்ரேயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "அடிபட்ட எடத்துல எலும்புல சீழ் வச்சிருக்காம். ரொம்ப நாளைக்கு மாத்திரை சாப்புடணும்." டிபி என்றால் தெருவில் ஒருத்தரும் அந்த வீட்டுப் படியேற மாட்டார்கள், பிள்ளையை யாரும் தொட மாட்டார்கள், அவள் நல்லதுக்குத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நிஜம்தான். மீதிப் பாதி, எடை ஏன் குறைந்தது என்று யாராவது என் பதிவேட்டைப் புரட்டுவார்களோ என்ற பயம். அடிபட்ட இடம் என்று சொன்னபோது அதில் நீ வந்து மாட்டிக்கொள்வாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை. மாத்திரையை நானே வாங்கி வந்து மையத்தில் வைத்து, ஒன்றரை வருடம் ஒரு நாள் விடாமல் வெல்லத்தில் பொடித்துக் கொடுத்தேன். பிள்ளை பிழைத்தது. முதுகு நிமிரவில்லை.

இப்போது சொல்லப்போவதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். ஒரு மத்தியானம் அஞ்சலையின் நாத்தனார் மையத்து வாசலில் நின்றுகொண்டு, உன்னைக் கையால் காட்டி, "இதோ நிக்குதே டீச்சர் பொண்ணு, இது கீழ போட்டதுலதான் புள்ளைக்குக் கூன் வுழுந்துச்சி" என்று யாரிடமோ சொன்னாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அம்மா இல்லை என்று சொல்லுவாள் என்று பார்த்தாய். நான் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். உருண்டை பிடித்துக்கொண்டே இருந்தேன். நீ போய் மோனிஷாவின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டாய். உன் குழந்தைப் பருவம் லாரிக்குப் பக்கத்தில் முடியவில்லை அரசி. அந்த வாசலில், என் கண் முன்னால் முடிந்தது. அதை முடித்து வைத்தது நான். உங்கள் டீச்சரிடம் விடையைத் திருத்திச் சொல்.

அதற்குப் பிறகு நீ வேறு பிள்ளையாக ஆகிவிட்டாய். உன் பையை ஒரு தோளிலும் அவள் பையை ஒரு தோளிலும் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாய். கூனி என்று சொன்ன பையனின் காதைக் கடித்துவிட்டு வந்து நின்றாய்; நான் உன்னைத்தான் அடித்தேன். பாண்டி ஆட வா என்று கூப்பிட்டால் அவளால் ஆட முடியாது என்று நீயும் உட்கார்ந்துகொண்டாய். தெருவில் எல்லோரும் டீச்சர் பெண்ணுக்கு எவ்வளவு இரக்கம் என்றார்கள், நான் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். போன வருடம் நீ ஊருக்கு வந்தபோது சித்தி வீட்டுக் கைக்குழந்தையை உன் மடியில் வைக்க வந்தார்கள். உன் இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போயின. "வேணாம் சித்தி, என் கைல நிக்காது" என்று சிரித்தாய். கல்யாணம் பண்ணினாலும் குழந்தை வேண்டாம் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாய். பைத்தியம் மாதிரி பேசாதே என்று அதட்டினேன். பைத்தியம் யார் என்று இப்போது தெரிகிறது. உன் கையில் ஒரு குறையும் இல்லை, கண்ணு. அந்தக் கையில் எந்தக் குழந்தையும் நிற்கும்.

பயம் என்ன என்று கேட்டால், முதல் பயம் சில்லறைப் பயம்தான்: டீச்சர் டீச்சர் என்று கும்பிடுகிற தெரு நாளைக்கு என்ன சொல்லும் என்று. அதற்காகப் போன வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். மையத்துக்குப் போய், என் கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லி, பழைய தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். புதிதாக வந்திருக்கும் டீச்சர் சின்னப் பெண், எடையைப் போனில் ஏற்றுகிறவள். பெட்டியைத் திறந்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த வருடத்துப் பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலோரக் கல்லுக்குப் போனேன். போட்டால் போயே போச்சு. ஒரு தடவை திறந்து பார்த்தேன். மாதம் இருநூறு, மாதம் இருநூறு என்று படிக்கட்டு மாதிரி ஒரே சீராக ஏறியிருந்தது. எந்தப் பிள்ளையும் அப்படி வளராது. ஒரு மாதம் பேதியாகும், ஒரு மாதம் பல் முளைக்கும், எடை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நீ பார்த்த அடுத்த நிமிஷம் கண்டுபிடித்திருப்பாய். இல்லை, அம்மா கையெழுத்து என்பதால் கண்டுபிடிக்காமல் போயிருப்பாய். அந்த இரண்டாவதை நினைத்ததும் பதிவேட்டை மூடித் திரும்பப் பையில் போட்டேன். அதன்மேல் உன் படிப்பையும் கட்டிவிடுவாயே. பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அடுத்த பயம் நீ. இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று நேர்காணலில் கேட்டபோது மோனிஷாவைத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாகச் சுமந்ததை இறக்கி வை என்று ஒரு கடிதத்தில் நான் சொன்னால், நீ இறக்கி வைத்துவிட்டு எங்கே போவாய், யார் முகத்தில் விழிப்பாய் என்று தெரியவில்லை. என் முகத்தில் விழிப்பாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா பாவம், வயசாகிவிட்டது, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று எனக்காக நீயே காரணம் தேடிக் கொடுக்காதே. உன் ஆராய்ச்சியில் என் பெயரை மறைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோனிஷா வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்வது முறையில்லை என்று பட்டது. நாலு வருடத்துக்கு முன் அஞ்சலை இறந்துபோனதிலிருந்து காலடிப்பேட்டையில் அவளும் அவள் அப்பாவும்தானே. அவர் வெளியே போயிருந்தார். வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டு ஆபீஸுக்கு லீவு என்பதால் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னா டீச்சரம்மா, இவ்ளோ தூரம் நடந்து வந்துகினு? போன் பண்ணா நானே வந்துருப்பேன்ல?" என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அட்டை, டாக்டர், சீழ், மாத்திரை எல்லாம். அவள் எண்ணெய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ டிபியா எனக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மாக்கு?" என்றாள். தெரியாமலேயே போய்விட்டாள் என்றேன். அதற்கு மட்டும் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் பக்கத்தில் போக எனக்குத் தைரியமில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உம்மேல கோவம் வரும். இப்ப வரல, ஆனா வரும். அத்த நான் பாத்துக்கறேன்" என்றாள். "அரசிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, இனிமேல்தான் சொல்லப்போகிறேன் என்றேன். அப்போது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று வயதில் மெஷினில் ஏற்றியபோது இருந்த அதே பயம். "சொல்லித்தான் ஆவணுமா?" என்றாள். ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "நார்வேலருந்து தெனம் பேசறா. ஊருக்கு வந்தா உன் வூட்டுக்கு முன்னாடி என் வூட்டுக்குத்தான் வர்றா. என் பையத் தூக்கினா, எனக்காக அடிச்சிகினா, எங்கூட குந்திகினே இருந்தா. எல்லாம் கீழ போட்டதாலதானே டீச்சரம்மா? போடலேன்னு தெரிஞ்சிட்டா, அப்பறம் அவ இன்னாத்துக்கு எங்கிட்ட வரணும்?"

அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் திரும்பி வரும்போது வாசல்வரை வந்து, "சொல்லிட்டின்னா எனக்கும் ஒரு போன் பண்ணிச் சொல்லிடு" என்றாள். இந்தப் பக்கங்களை அனுப்பியதும் சொல்லிவிடுவேன். அந்த நிமிஷத்திலிருந்து அவள் போனைப் பார்த்தபடிதான் இருப்பாள். எனக்கு எப்போது பதில் எழுதுகிறாயோ எழுது, எழுதாமலும் இரு. அவளைக் காக்க வைக்காதே.

அம்மா